நிலத்தில இருந்து எழும்புற வகுப்பு

வயித்தைக் குறைக்கிறது, நெஞ்சைப் பெருப்பிக்கிறது, இந்த ரெண்டுக்கும்தான் சனம் எங்களைத் தேடி வாறது. மூண்டாவதா ஒண்டைக் கேட்டு ஆரும் வந்தால் எங்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

திருகோணமலையில உட்துறைமுகத்தைப் பாத்த ரோட்டில, படகு எஞ்சின் சாமான் விக்கிற கடைக்கு மேல்மாடியில ஒரு ஜிம் இருக்கு. அங்கதான் நான் பயிற்சி குடுக்கிறனான். பள்ளிக்கூடத்தில வலைப்பந்து விளையாடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவள். வாயும் கொஞ்சம் நீளம். "இன்னும் ஒண்டு, இன்னும் ஒண்டு" எண்டு கத்திக் கத்தியே தொண்டை கரகரத்துப் போச்சு. நீங்களும் கழுத்தில விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, மற்றாக்களின்ட தொப்பையைப் பாத்துப் பெருமூச்சு விட்டுச் சம்பளம் எடுக்கிற ஆளெண்டால், வந்து என்ட பக்கத்தில இருங்கோ. இந்தக் கதையெல்லாம் உங்களுக்குத்தான் விளங்கும்.

காலமை பத்து மணிக்கு எங்கட ஜிம்மில ஈ காக்கா இருக்காது. அந்த நேரத்தைத்தான் ஆஸ்பத்திரியில பிசியோ பாக்கிற ஒரு அக்கா வந்து கேட்டவ. புற்றுநோய்க்கு வைத்தியம் முடிச்சாக்கள், இன்னும் மருந்து ஏத்திக்கொண்டு இருக்கிறாக்கள், இவையை எல்லாம் டொக்டர்மார் உடம்பை அசையுங்கோ, அசையுங்கோ எண்டு சொல்லி அனுப்புகினமாம். எங்க போய் அசைக்கிறது? வீட்டில அசைஞ்சால் குசினி வேலைதான் கூடும். என்ன செய்விக்கலாம், என்ன செய்விக்கவே கூடாது எண்டு அந்த அக்கா மாசக்கணக்கா எனக்குப் படிப்பிச்சவ. ஜிம் முதலாளி சுதனிட்டக் கேட்டதுக்கு, "அந்த நேரம் லைட் சும்மாதானே எரியுது, செய்யுங்கோ" எண்டிட்டான். நல்ல பெடியன்தான், ஆனால் தன்னை ஆரும் நல்லவன் எண்டு சொல்லிப்போடுவினமோ எண்டு அவனுக்கு ஒரு பயம்.

உங்கட நோக்கம் என்ன?

ஜிம்மில சேர வாறாக்களிட்ட நாங்கள் முதல்ல கேக்கிறது, "உங்கட நோக்கம் என்ன?" எண்டுதான். கலியாணத்துக்கு முதல் இடுப்புக் குறையோணும், வெளிநாட்டால வாற மச்சானுக்கு முன்னால கை பெருக்கோணும், இப்பிடித்தான் மறுமொழி வரும். பத்து மணி வகுப்புத் துவங்கின முதல் நாளே கிண்ணியாவில இருந்து பரீதா ராத்தா வந்தவ. ராத்தா எண்டால் முஸ்லிம் ஆக்கள் அக்காவைக் கூப்பிடுற முறை, அண்ணையைக் காக்கா எண்டுவினம். வயசு ஐம்பதைத் தாண்டினவ, அதால நானும் அப்பிடியே கூப்பிட்டன். இடப்பக்க மார்பை எடுத்து, மருந்து ஏத்தி, கதிரும் குடுத்து முடிஞ்சிருந்தது. படிக்கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சு மேல ஏறி வாறா, பின்னால அவட கைப்பையைத் தூக்கிக்கொண்டு புருசன் ஹனீபா காக்கா. அவர் கடைசிப் படியோட நிண்டிட்டார். பொம்பிளையள் பயிற்சி செய்யிற இடமாம், உள்ளுக்கு வரமாட்டாராம்.

வழக்கமான கேள்வியை நானும் கேட்டன். "நெத்திய நிலத்தில வைக்கணும் மிஸ்" எண்டா. எனக்கு விளங்கேல்ல. பிறகு சொன்னா: மருந்து ஏத்தினதில பாதம் ரெண்டும் மரத்துப் போச்சு, முழங்காலில சத்தே இல்லை, வீங்கின இடக்கையை ஊண்ட ஏலாது. தொழேக்க நிலத்தில விழுந்து நெத்தி வைக்கிற சுஜூதை விட்டு ஒரு வருசத்துக்கு மேலயாம். கதிரையில இருந்துகொண்டுதான் தொழுறாவாம். படியில நிண்ட காக்கா அங்க இருந்தே குரல் குடுத்தார், "நானும் முழங்கால் நோவோட கதிரையிலதான் வருசக்கணக்கா தொழுறன். வருத்தக்காரருக்கு அதுக்கு இடம் இரிக்கி. அல்லாஹ் வேணாமெண்டா சொல்லப் போறான்?" ராத்தா அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பாத்துக்கொண்டுதான் சொன்னா: "அல்லாஹ் ஒண்டும் சொல்ல மாட்டான் மிஸ். எனக்குத்தான் கதிரை காணாது."

நாலு பக்கமும்

ஜிம் எண்டால் சுவர் முழுக்கக் கண்ணாடி. கையை மடக்கி மடக்கிப் பாத்துச் சந்தோசப்படுற பெடியளுக்கு அது கோயில் மாதிரி. தம்பலகாமத்தில இருந்து பஸ் ஏறி வந்த சிவகாமி அக்கா உள்ளுக்கு வந்த உடன திரும்பிப் படிப் பக்கம் நடந்திட்டா. வயல் செய்யிற குடும்பம், என்னை விட நாலைஞ்சு வயசுதான் கூட, பகிடி விடாமல் ஒரு வசனமும் கதைக்கமாட்டா. "யானை வேலியை முறிச்சுக்கொண்டு வந்தால் ஓடுறதுக்காவது காலில கொஞ்சம் பலம் வேணும்" எண்டு சொல்லித்தான் வகுப்பில பேர் குடுத்தவ. அப்பிடிப்பட்டவ திரும்பிப் போகேக்க எனக்குப் பயம் வந்திட்டுது. ஓடிப்போய்க் கையைப் பிடிச்சன். தலையில கட்டியிருந்த துணியை இழுத்து நெத்தி வரைக்கும் மறைச்சுக்கொண்டு சொன்னா: "வீட்டில இருக்கிறது ஒரே ஒரு கண்ணாடி, அதையும் சுவர்ப் பக்கம் திருப்பி விட்டிருக்கிறன். இஞ்ச எந்தப் பக்கம் பாத்தாலும் நானே வாறனே, தங்கச்சி."

கை தட்டல்

அண்டைக்கே கண்ணாடிகளுக்குப் பழைய படுக்கைவிரிப்புகளைத் தொங்கவிட்டம். பொம்பிளையள் பக்கத்துக்கு ஒரு திரையும் வந்தது. பாட்டை நிப்பாட்டினம். உடம்பு பெருத்த பெடியளின்ட படங்களைக் கழட்டினம். ஆனால் ஒண்டு மறந்துபோச்சு. நிறை பாக்கிற மெசின் வாசலிலேயே நிண்டது. எங்கட ஜிம்மில ஒரு வழக்கம் இருக்கு. ஆருக்கும் நிறை குறைஞ்சால் அதைச் சத்தமாச் சொல்லி, நிக்கிற எல்லாரும் கை தட்டோணும். சுதன் எங்கயோ கொழும்பில ஒரு பெரிய ஜிம்மில பாத்திட்டு வந்து பழக்கினது. அதைப் பாத்துத்தான் கன பேர் விடாமல் வாறவை.

ஒரு மாசம் கழிச்சு ஒருநாள் சுதன் ஏதோ எடுக்க வந்தவன். சிவகாமி அக்கா போறபோக்கில மெசினில ஏறி நிண்டிட்டா. இவன் எட்டிப் பாத்தான், போன மாசத்தை விட நல்லாக் குறைஞ்சிருந்தது. பழக்கதோசம் பாருங்கோ, "சுப்பர் அக்கா! சுப்பர்!" எண்டு படபடவெண்டு கை தட்டினான். ஒருத்தரும் சேந்து தட்டேல்ல. இந்த வருத்தத்தில நிறை குறையுதெண்டால் என்ன அர்த்தம் எண்டு அந்த இடத்தில அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது. எனக்கு வந்த கோவத்துக்கு அவன்ட கையை முறிச்சிருப்பன். அக்கா மெசினை விட்டு ஆறுதலா இறங்கினா, அவன்ட தோளில தட்டினா, சிரிச்சுக்கொண்டுதான் சொன்னா: "கை தட்டாதையுங்கோ தம்பி. குறைஞ்சு குறைஞ்சு போறது கொழுப்பில்லை, நான்."

அண்டைக்குப் பின்னேரம் சுதன் அந்த மெசினைக் குளிக்கிற அறைக்குப் பின்னால கொண்டுபோய் வைச்சான். நானும் ஏசேல்ல, ஏசுறதுக்கு ஒண்டும் மிச்சம் இருக்கேல்ல. இதைச் சிவகாமி அக்காவிட்ட அடுத்த நாள் சொன்னன். அவ சொன்னது: "ஐயோ பாவம், அந்தப் பெடியனுக்கு ஆரும் ஒரு தேத்தண்ணி குடுத்தீங்களோ?"

ஐஸ்கிறீம் தடி

திரைக்கு மற்றப் பக்கத்தில, யன்னலோரத்தில ஆம்பிளையள். அதில விடாமல் வந்தவர் சல்லியில கடல்தொழில் செய்த துரைராசா அண்ணை. வெத்திலை போட்டுப் போட்டு வாயில வந்த வருத்தம். வெட்டி எடுத்து, கதிர் குடுத்ததில தாடை இறுகிப்போய் ஒரு விரல்கூட உள்ளுக்குப் போகாது. கஞ்சியை உறிஞ்சிக் குடிக்கிற அளவுதான் வாய் திறக்கும். கதைச்சால் பாதி விளங்காது. அவருக்குப் பயிற்சி என்னெண்டால், ஐஸ்கிறீம் தடிகளை ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கிப் பல்லுக்கு நடுவில வைச்சு, நோகிற மட்டும் பிடிச்சுக்கொண்டு இருக்கோணும். கிழமைக்குக் கிழமை அடுக்கில ஒரு தடி கூடினால் கெட்டித்தனம்.

அதே நேரம் திரைக்கு அங்கால ராத்தாவுக்கு அடுக்கு குறைஞ்சுகொண்டு வந்தது. ஏறி இறங்கிப் பழகிற பலகைகளை மேசை உயரத்துக்கு அடுக்கி, மேல ஒரு ரப்பர் பாயை விரிச்சு, முதல்ல அந்த உயரத்துக்கு மட்டும் குனிஞ்சு நெத்தி வைக்கப் பழக்கினன். முழங்கால் தாங்கத் தாங்க ஒவ்வொரு பலகையா எடுத்தம். பலகை ஒண்டு குறைஞ்ச நாளில திரைக்கு இங்கால இருந்து அண்ணை வாய்க்குள்ள தடியோட ஏதோ உளறுவார். நல்லது, நல்லது எண்டுறாராம். அவர்ட மனிசி ஒவ்வொரு நாளும் கூட வந்து பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு, தானும் வாயை ஆவெண்டு திறந்து காட்டுவா. அதைப் பாத்து ஒருநாள் எனக்குச் சிரிப்பு அடக்க ஏலாமப் போச்சு. அண்ணை தடியை எடுத்திட்டு, சொல்லுச் சொல்லா எனக்கு விளங்கப்படுத்தினார்: "முப்பது வருசமா 'வாயை மூடுங்கோ, வாயை மூடுங்கோ' எண்டவ. இப்ப விடிஞ்சால் பொழுதுபட்டால் 'ஆ காட்டுங்கோ' எண்டு அழுறா, பிள்ளை."

கொஞ்சம் கதைக்க விடுங்க

நிலத்துக்குப் போறது சுகம், எழும்புறதுதான் பாடு. ஒரு முழங்காலை முன்னுக்குக் கொண்டுவரோணும், மற்றதை நிலத்தில ஊண்டோணும், வலக்கையைத் தொடையில அமத்தோணும், மூச்சை விட்டபடி எழும்போணும். இடக்கைக்கு வீக்கம் ஏறாமல் இறுக்கமான ஒரு கைச்சட்டை. ராத்தா ஒவ்வொரு தரமும் எழும்பேக்க "யா அல்லாஹ்" எண்டுவா. பக்கத்தில நிக்கிற சிவகாமி அக்கா "முருகா" எண்டுவா. நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிப்பன். என்ட முழங்காலும் நோகும், பாருங்கோ, ஆனால் ஒருத்தருக்கும் சொல்லிறதில்லை.

நோன்பு மாசத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கேக்க கடைசிப் பலகையையும் எடுத்தன். ராத்தா நிலத்தில விரிச்ச பாயில முழங்காலை வைச்சா, வலக்கையை ஊண்டினா, இடக்கையை மெல்ல வைச்சா, கீழ போனா. நெத்தி பட்டிட்டுது. சிவகாமி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுறா. நான் எழும்புவா எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன், எழும்பேல்ல. இன்னும் எழும்பேல்ல. மயங்கிப் போனாவோ, கை மடிஞ்சு மூச்சடைச்சுப் போச்சோ? "ராத்தா! எழும்புங்கோ! ராத்தா!" எண்டு கத்திக்கொண்டு தோளைப் பிடிச்சு உலுப்பினன். மெதுவாத் தலையைத் தூக்கினா, முகம் முழுக்கக் கண்ணீர், ஆனால் எனக்கு நல்ல ஏச்சு: "எவ்வளவு காலத்துக்குப் பிறகு போயிரிக்கன் மிஸ். ரெண்டு வார்த்தை கதைக்க விடாம வா, வா எண்டு இழுக்கிறீங்களே!"

பஞ்சி வேண்டாம்

அந்த நோன்பு மாசம் முழுக்க ராத்தா நிலத்திலதான் தொழுதவ. வகுப்புக்கு வரேல்ல, போன் எடுத்துச் சொல்லுவா. அதே மாசத்திலதான் சிவகாமி அக்காவும் வரேல்ல. போன் எடுத்தால் அடிக்கும், ஒருத்தரும் எடுக்காயினம். இந்த வகுப்பில ஒரு ஆள் வராமல் விட்டால் நான் ஏன் எண்டு கேக்கப் பயப்படுவன். நீங்களெண்டாலும் பயப்படுவீங்கள்.

நான் பயப்பட்டாலும் எங்கட கொம்பியூட்டர் பயப்படாது. காசு கட்டிப்போட்டு வராமல் நிக்கிறாக்களுக்கு அது தானாவே ஒரு மெசேஜ் அனுப்பும். எல்லா வகுப்புக்கும் ஒரே மெசேஜ்தான். "உங்களைக் கனநாளாக் காணேல்ல! பஞ்சி, சோம்பல் எல்லாத்தையும் விட்டிட்டு எழும்பி வாங்கோ! உங்கட உடம்பு உங்களைத் தேடுது!" பக்கத்தில கையை முறுக்கிக் காட்டுற ஒரு படமும். அது போகுதெண்டே எனக்குத் தெரியாது, சுதனும் இந்த வகுப்பை நினைச்சு வைச்சதில்லை.

ஒரு காலமை, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பிள்ளை படியேறி வந்து வாசலில செருப்பைக் கழட்டினா. ஜிம்முக்குள்ள ஆரும் செருப்பைக் கழட்டிறதில்லை. அப்பவே எனக்கு விளங்கிட்டுது. சிவகாமி அக்காவின்ட மூத்த மகள், அதே மூக்கு. செத்த எட்டாம் நாள் செய்யிற எட்டுச் செலவு முடிஞ்ச கையோட வந்திருக்கிறா. போனை நீட்டினா. அக்காவின்ட செத்த வீட்டில, சனம் எல்லாம் இருக்கேக்க, அவவின்ட போனுக்கு எங்கட மெசேஜ் வந்திருக்கு. நான் அந்தப் பிள்ளையின்ட கையைப் பிடிச்சன். கொம்பியூட்டர், தானா வாறது, எங்களுக்குத் தெரியாது எண்டு என்னென்னவோ பிசத்தினன். பிள்ளை கோவமே படேல்ல. தம்பலகாமத்தில இருந்து அவ்வளவு தூரம் பஸ்ஸில நிண்டுகொண்டு வந்தது ஒரே ஒரு வசனம் சொல்ல: "அம்மா பஞ்சிப்பட்டு வராமல் விடேல்ல, மிஸ். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

ஏலுமான பிறகு

பெருநாள் முடிஞ்சு வந்த ராத்தா நடுமுதுகில கையை வைச்சுக்கொண்டுதான் படியேறினவ. கனநேரம் தொழுததில பிடிச்சிருக்கும் எண்டு அவவும் நினைச்சா, நானும் நினைச்சன். ஆனால் எங்கட தொழிலில நோவுக்கும் நோவுக்கும் வித்தியாசம் தெரியோணும். படுத்தாலும் விடாத நோ, இரவில எழுப்புற நோ எண்டால் பயிற்சியை நிப்பாட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்போணும் எண்டு பிசியோ அக்கா முதல் நாளே சொல்லித் தந்தவ. அனுப்பினன். படம் பிடிச்சுப் பாத்தினம். வருத்தம் முள்ளந்தண்டுக்குப் போயிட்டுது.

நான் குனிய வைச்சதாலதானோ எண்டு எனக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. பிசியோ அக்காவிட்டப் போய் அழுதன். "விசரி, உன்ட பயிற்சியால வாறதில்லை இது. அது தன்ட பாட்டில வாறது" எண்டா. டொக்டர் ராத்தாவுக்குச் சொன்னது ஒண்டுதான்: இனிக் குனியவே கூடாது, எலும்பு நொருங்கிப் போயிடும். ராத்தா வகுப்பை விடேல்ல. கதிரையில இருந்துகொண்டு மூச்சுப் பயிற்சி, கையில ரப்பர் பந்தை அமத்துறது, காலை மெல்ல நீட்டி மடக்கிறது. அதுக்கு மட்டும்தான் டொக்டரிட்டச் சம்மதம் வாங்கினம்.

ஒருநாள் மற்றாக்கள் எல்லாம் போனாப் பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டா. ஒரே ஒரு தரம் தன்னைப் பிடிச்சு நிலத்துக்கு விடச் சொன்னா. பிறகு கேக்கமாட்டாவாம், ஆருக்கும் சொல்லவும் மாட்டாவாம். நானோ "இன்னும் ஒண்டு, இன்னும் ஒண்டு" எண்டு காலம் முழுக்கக் கத்துறவள். எனக்கு ஏலாது எண்டு சொல்ல வாய் வரேல்ல. ஆனால் சொன்னன். ஏலாது ராத்தா, என்னால ஏலாது எண்டு அவட காலடியில இருந்து சொன்னன். கோவிப்பா எண்டு நினைச்சன். என்ட தலையைத் தடவினா. இருந்த கதிரையின்ட கையைத் தட்டிக் காட்டிச் சொன்னா: "ஏலாம இரிந்த காலத்தில இது எனக்குக் கதிரை மட்டும்தான் மிஸ். ஏலுமான பிறகுதான் இது சிறை."

அதுக்குப் பிறகு கொஞ்சக் காலம் வந்தவ. பிறகு ஹனீபா காக்கா ஓட்டோவில இருந்து தூக்கி இறக்க வேண்டிவந்தது, பிறகு படியேற ஏலாமப் போச்சு. கீழ, எஞ்சின் கடை வாசலில ஓட்டோவை நிப்பாட்டச் சொல்லி, நான் இறங்கிப் போய் ஓட்டோவுக்குள்ளேயே மூச்சுப் பயிற்சி செய்விச்சன். கடைக்காரப் பெடியள் எஞ்சினை முடுக்கிப் பாக்கிறதை நிப்பாட்டிப்போட்டு நிப்பாங்கள். ராத்தாவுக்கு அதுதான் பொறுக்காது: "அவங்கட யாவாரத்தைக் கெடுக்காதீங்க மிஸ், எனக்கு மூச்சு சத்தத்திலயும் வரும்."

நிண்டபடி

ராத்தா மௌத்தான செய்தி வெள்ளிக்கிழமை வந்தது. நானும் துரைராசா அண்ணையின்ட மனிசியும் பாலத்தைக் கடந்து கிண்ணியாவுக்குப் போனம். செத்த வீட்டில பொம்பிளையள் எங்களைக் கையைப் பிடிச்சு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய் முகத்தைக் காட்டினவை. வெள்ளைத் துணிக்கு நடுவில சின்ன முகம். நான் அந்த நெத்தியையே பாத்துக்கொண்டு இருந்தன். ஒருத்தி "ஆரு இவ?" எண்டு கேக்க, ராத்தாவின்ட மகள் சொன்னா: "உம்மாவ நிலத்துக்கு இறக்கின மிஸ்." எனக்கு அந்த இடத்தில நிக்க ஏலாமப் போச்சு. வெளியில வந்து மதில் ஓரமா நிண்டு விக்கி விக்கி அழுதன்.

கன நாளைக்குப் பிறகு ஒரு பத்து மணிக்கு, படியில பழக்கமான ஓசை. ஒவ்வொரு படிக்கும் நிண்டு நிண்டு ஏறுற ஓசை. ஹனீபா காக்கா. கையில கைப்பை இல்லாமல் அவர் மேல வாறதை அண்டைக்குத்தான் பாக்கிறன். கடைசிப் படியில வழக்கம்போல நிண்டார். நான் கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டன். இருக்கமாட்டன் எண்டு கையைக் காட்டினார். துரைராசா அண்ணை யன்னலோரம் இருந்து தடியை வாயில இருந்து எடுத்துப்போட்டு எழும்பி வந்தார்.

"மிஸ், ஒங்களுக்குத் தெரியுமோ என்னவோ" எண்டு காக்கா துவங்கினார். ஜனாஸாத் தொழுகை, அதுதான் செத்தவைக்காகத் தொழுறது, நிண்டபடியேதானாம். குனியிறதில்லையாம், நிலத்தில நெத்தி வைக்கிறதும் இல்லையாம். "அவ எத்தின மாசம் இஞ்ச வந்து மூச்செடுத்து மூச்செடுத்து நிலத்துக்குப் போனா. அவக்காக நாங்க அவ்வளவு பேரும் நிண்டுகொண்டே தொழுது முடிச்சிட்டம். சட்டம் அதுதான், பிழை இல்ல. ஆனா எனக்கு மனசு ஆறுதில்ல. வீட்ட போய்க் கதிரையில குந்தினா, அவ என்னப் பாக்கிற மாதிரி இரிக்கி. அவக்காக ஒரு தரமாவது நான் கீழ போய்க் கேக்கணும் மிஸ்." அழுதுகொண்டேதான் சொன்னார். மறைக்கவும் இல்லை.

முழங்காலுக்கு என்ன வருத்தம், சீனி எவ்வளவு, பிறசர் எவ்வளவு, டொக்டர் என்ன சொன்னவர் எண்டு நான் வழக்கப்படி கேக்கத் துவங்கினன். காக்கா உள்ளுக்கு வந்து யன்னலோரத்துப் பாய்க்குக் கிட்டப் போய் நிண்டார். பலகையளை அடுக்கி வாறன் பொறுங்கோ, முதல்ல எழும்புற முறையைப் பழகுவம், அதுதான் பாடு, எழும்பத் தெரியாமல் கீழ போகக் கூடாது எண்டன். அண்ணை அவர்ட ஒரு கையைப் பிடிச்சார், நான் மற்றக் கையைப் பிடிச்சன். அந்தப் பெரிய மனிசன் பாயைப் பாத்துக்கொண்டு, முழங்காலை மடக்கிக்கொண்டு சொன்னார்: "எழும்புறதப் பிறகு பாப்பம் மிஸ், என்னக் கீழ விடுங்க."

சனத்தைத் தூக்கி நிமித்தி நிப்பாட்டிறதுதான் என்ட தொழில் எண்டு இத்தனை காலமும் பெருமையடிச்சுக்கொண்டு திரிஞ்சன், இப்ப ஆரும் கேட்டால் சனத்தை நோகாமல் நிலத்துக்கு இறக்கி விடுறனான் எண்டு சொல்லுறன், அதுக்கும் சுதன் மாசாமாசம் சம்பளம் தாறான்.